பதினெட்டு வாட்

மிஷ்கோல்ட்ஸில் கடல் இல்லை.
ஹங்கேரி முழுக்கவே இல்லை, போல்டிஜார்,
ஆனாலும் நம் நான்காம் மாடியில் நானூறு லிட்டர் இருக்கிறது.
வடித்த நீர், லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்.
உப்பிட்டவள் நான்.
நினைத்துக்கொள் என்று எந்த மீனிடமும் கேட்டதில்லை.

நீ ட்ரியெஸ்டே துறைமுகத்தில் கன்டெய்னருக்குக் காத்திருந்த வாரம்
மஞ்சள் மீன் பாறையில் உரசத் தொடங்கியது.
மறுநாள் துடுப்பில் மூன்று வெள்ளைப் புள்ளி.
அதற்கடுத்த நாள் எண்ண முடியவில்லை,
யாரோ ரவை தூவிவிட்டதுபோல்.
பவளம் இருக்கும் தொட்டியில் செம்பு மருந்து ஊற்றாதே,
மீன் பிழைக்கும், மற்றதெல்லாம் சாகும்
என்றார் கடைக்கார லெஹெல்.
மேஜைக்கு அடியிலிருந்து
கறுப்புக் குழாய் ஒன்றை எடுத்துவைத்தார்.

புற ஊதா.
ஊதாவுக்கு வெளியே குடியிருக்கும் ஒளி.
அந்தத் தெருவரை நம் கண் போகாது.
நாம் காண்கிற நீலம் அதன் வாசல் விளக்கு மட்டும்.

குவார்ட்ஸ் உறைக்கும் சுவருக்கும் நடுவே விரற்கடை இடம்.
தண்ணீர் அதில் மெதுவாக நடக்க வேண்டும்.
ஓடினால் பாசிவித்துதான் சாகும்,
ஒட்டுண்ணி வெயில் காய்ந்துவிட்டு வெளியே வந்துவிடும்.
வாளியும் கைக்கடிகாரமுமாய்த் தரையில் உட்கார்ந்து
ஓட்டத்தை அளந்தேன்,
ட்ராம் பணிமனையில் பிரேக் எண்ணெய் அளக்கிற கையால்.

மீனின் தோலுக்குள் இருப்பதை இது தொடாது.
மணலில் கூடு கட்டித் தூங்குவதையும் தொடாது.
நீந்தி, வழி தவறி, குழாய்க்குள் வருவதை மட்டும்;
பழைய எல்லைச் சாவடி மாதிரி,
வருகிற வண்டியைத்தான் சோதிக்க முடியும்.

ஆறு வாரத்தில் மீன் தேறியது.
தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று
கேஸ் மீட்டர் பார்க்க வந்தவர் கேட்டார்.
நீ அனுப்பிய படத்தில் கடல்
அரிசி களைந்த நீராய்க் கலங்கிக் கிடந்தது.
அசலைவிட என்னுடையது சுத்தம் என்று பதில் எழுதினேன்.
இப்போது வாசித்தால் கூசுகிறது.

நேற்று இரவு பதினொன்றரை.
கூம்பு நத்தை ஒன்று கண்ணாடியின் உச்சிக்கு ஏறி நின்று
புகை விட்டது,
பால்கனியில் சிகரெட் பிடிப்பவரின் அதே நிதானத்தில்.
பிறகு இன்னொன்று.
பிறகு மூன்றாவது, பாறைமேலிருந்து, பச்சை மணிகளாய்.
ஏதோ செத்து அழுகுகிறது என்று
முதலில் வாளியைத்தான் தேடினேன்.
இரண்டு வருடமாய்ப் பாசி மேய்வதைத் தவிர
ஒன்றும் செய்யாத ஜீவன்கள்,
சொல்லிவைத்தாற்போல ஒரே இரவில்.

புகை மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது.
பம்பின் வாய் அங்கேதான்.
உள்ளே போனது, நீல வாசலைத் தாண்டியது,
மறுமுனையில் தண்ணீராக வந்தது.
வெறும் தண்ணீராக.
விளக்குக்கு ஆள் அடையாளம் தெரியாது.
மெதுவாகப் போனால் போதும் அதற்கு.
அந்த மெதுவை வைத்தவள் நான், கடிகாரம் பார்த்து.

விளக்கின் வயரைப் பிடுங்கினேன்.
ஈரக் கையால். நீ திட்டுவாய்.

நான்கு நாள், என்றார் லெஹெல், தூக்கக் குரலில்.
அதற்குள் குஞ்சுகள் பாறையில் ஒட்டிவிடும், ஒட்டுவதாக இருந்தால்.
மணலில் தூங்குவதும் அதே நான்கு நாளில் விழிக்கலாம்.
எது முந்தும் என்று கேட்டேன்.
காபி போடும் சத்தம் மட்டும் கேட்டது.

இன்று தண்ணீர் லேசாகக் கலங்கியிருக்கிறது.
மஞ்சள் மீன் சாப்பிட்டது.
ஒருமுறை பாறையில் உரசியது,
இல்லை, திரும்பும்போது பட்டிருக்கும்.
டார்ச் அடித்து வலத் துடுப்பைப் பார்த்தேன்.
ஒரு புள்ளி.
காற்றுக் குமிழாகவும் இருக்கலாம்.
பணிமனைக்கு நேரமாகிவிட்டது.
வயர் மேஜைமேல் கிடக்கிறது,
சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது
அந்தக் கலங்கலில் ஒரு பாட்டில் பிடித்து வா.
தொட்டியில் ஊற்ற இல்லை.
சும்மா, பக்கத்தில் வைத்துப் பார்க்க.